பழைய கேம்பிங் டிரெய்லரில் மழை பெய்தால் உள்சுவர் ஊறுகிறது. மேலே சிலிகான் பூசினால் போதுமா?

போதாது. பூசிய சிலிகான்மேல் பிறகு வேறு எதுவும் சரியாக ஒட்டாது. அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலை.

ஈரம் தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்றில்லை. கூரை ஓரத்து அலுமினியப் பட்டையைப் பாருங்கள். திருகுகள் துருப்பிடித்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் கசிவு. பட்டைக்கு அடியிலுள்ள பியூட்டில் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும், ரப்பர் போன்ற ஒட்டும் டேப்) காய்ந்து வெடித்திருக்கும். பட்டையைக் கழற்றி, பழைய பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புது டேப் ஒட்டித் திருகுங்கள். டேப் ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். மறுநாள் இன்னொரு முறை இறுக்கிவிட்டு, பிதுங்கியதை வெட்டுங்கள்.

புது டேப் ஒட்டுவதற்கு முன்னால், பட்டைக்குப் பின்னாலுள்ள மரச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை புதைந்தால் மரம் உளுத்துவிட்டது. அதை மாற்றாமல் மேலே அடைப்பது வீண் செலவு. வெறும் ஈரம்தான் என்றால் நன்றாகக் காயவிட்டு அப்புறம் மூடுங்கள்.