மாத்திரை எடுத்துக் கொடுப்பவரின் இடத்தில் மாணவர்கள்

கேள்வி: பார்ம்.டி. (மருந்தாளுநர் பட்டப்படிப்பு) நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு நோயாளி ஆலோசனை சொல்லித்தருகிறேன். நோயாளியிடம் நன்றாகப் பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் மகளையோ மனைவியையோ கண்டுகொள்வதில்லை. பாவனைப் பயிற்சி வைக்கலாம் என்றால் எங்களிடம் அதற்கான ஆய்வகம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஆய்வகம் வேண்டாம். ஜீரக மிட்டாயும் மாத்திரை டப்பாவும் போதும். மங்கலான கண்ணாடி, தடித்த கையுறை மாட்டி நடக்கவிடும் பயிற்சி முதியவரின் சிரமத்தைத்தான் காட்டும். கூட இருப்பவரின் சிரமம் வேறு: தன் வேலைக்கு நடுவே, இன்னொருவர் உடம்புக்காகத் தனியாக முடிவெடுப்பது.

மாணவர்களை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் பார்கின்சனும் சர்க்கரையும் உள்ள பெரியவர், மற்றவர் அவருடைய மகள் அல்லது மகன். பார்கின்சனுக்கான லெவோடோபா சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, சர்க்கரைக்கான கிளிமெபிரைடு காலை உணவை ஒட்டி, அதற்கே உள்ள மெட்ஃபார்மின் எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை) சாப்பாட்டோடு. இரண்டு நாள், எல்லா வேளையும், மிட்டாயை வைத்துத்தான். நிஜ மாத்திரை கூடவே கூடாது.

பயிற்சியின் உயிர் பெரியவரிடம் ரகசியமாகக் கொடுக்கும் சீட்டுகளில் இருக்கிறது. "போட்டுட்டேனே" என்று ஒரு வேளை சாதிக்க வேண்டும். நம்பி விடுவதா, மறுபடி கொடுப்பதா? கிளிமெபிரைடு இரண்டு முறை உள்ளே போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இன்னொரு சீட்டு: மாத்திரை போட்ட பிறகு "சாப்பாடு வேணாம்". மூன்றாவது: "முழுங்க முடியல." உடனே பொடித்துக் கொடுக்கத் தோன்றும், ஆனால் எஸ்.ஆர். மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. படித்த மாணவரே தடுமாறும் இடம் இது. இரண்டாம் நாள் மிட்டாயின் நிறத்தை மாற்றுங்கள். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்த கதைதான்.

அப்புறம் உட்கார்ந்து பேசுவது. இதைச் சுருக்கிவிட்டால் பயிற்சியே வீண் என்பது என் கருத்து. "எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டால் "ரொம்பக் கஷ்டம் சார்" என்பதோடு முடிந்துவிடும். "எந்த வேளையில் தடுமாறினீர்கள்? மருந்துக் கவுண்டரில் என்ன சொல்லியிருந்தால் உதவியிருக்கும்?" என்று கேளுங்கள். அன்றே மறுபடி கவுண்டரில் நிற்க வையுங்கள். "வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? எந்த வேளை சமாளிக்க முடியவில்லை?" என்று தாமாகவே கேட்கிறார்களா பாருங்கள். பரிவை அளக்கும் வினாத்தாள்கள் இருந்தாலும், மாணவர் தம்மைப் பற்றித் தாமே போடும் மதிப்பெண்ணை விட இதைத்தான் நான் நம்புவேன்.

வீட்டில் நிஜமாகவே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் வகுப்பில் இருக்கலாம். முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் கவனித்துக் குறிப்பெடுக்கும் வேலையைக் கொடுங்கள்; காரணம் எல்லார் முன்னாலும் வர வேண்டாம்.