துணை இன்டர்ஸ்டேட் சாலைகளில் எது முக்கியம்? பால்டிமோர் 695-இல் டேங்கர் ஓட்டுபவனின் பதில்

"அமெரிக்காவின் மூன்று இலக்க எண் கொண்ட துணை இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் எவை முக்கியமானவை, எதை வைத்து ஒப்பிடுவது?" என்பது கேள்வி. இதுவரை வந்த பதில்கள் எல்லாம் வாகன எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தியிருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸின் 405 முதலிடம், பிறகு வாஷிங்டனின் 495, அட்லாண்டாவின் 285. பால்டிமோரைச் சுற்றி வரும் 695-க்கு ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. ஒரு நண்பர் மட்டும், "695-இன் கிழக்குப் பாதியில் கூட்டமே இருக்காது, அதற்குப் பெரிய பயன் இல்லை" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். அப்பா கேஸ் டேங்கர் ஓட்டியவர். அக்கா இங்கே செவிலியராக இருக்கிறார், அவர் மூலமாகத்தான் நானும் குடும்பத்தோடு வந்தேன். முதல் சில ஆண்டுகள் பெட்டி லாரியில் நாடு முழுவதும் சரக்கு ஏற்றிப் போனேன். 2018-இலிருந்து பால்டிமோரில் பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறேன். நான் நெடுஞ்சாலைப் பொறியாளன் அல்ல, வரைபட ஆராய்ச்சியாளனும் அல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தெரிந்துகொண்டவை.

கேட்டவர் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாஸ்டன் பக்கத்தில் ஒரு 495, நியூயார்க்கில் ஒரு 495, வாஷிங்டனில் ஒரு 495 என்று பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலை. 495, 695, 895 எல்லாம், கிழக்குக் கரையோரம் மாநிலம் விட்டு மாநிலம் போகும் பெரிய இன்டர்ஸ்டேட்டான 95-இன் பிள்ளைகள். முதல் இலக்கம் இரட்டைப்படை என்றால் ஊரைச் சுற்றியோ விலகியோ போய் மறுபடி பெரிய சாலையில் சேரும். ஒற்றைப்படை என்றால் ஊருக்குள் நுழைந்து நின்றுவிடும் கிளை. இதிலும் விலக்கு உண்டு. லாங் ஐலண்டின் 495 இரட்டைப்படைதான், ஆனால் கிழக்கே ரிவர்ஹெட் பக்கம் போய் முடிந்துவிடுகிறது, அங்கே வேறு எந்த இன்டர்ஸ்டேட்டிலும் சேர்வதில்லை. ஆக, எண் சொல்வது பிறப்பை மட்டும்தான்.

நீளம் அளவுகோல் என்றால் பென்சில்வேனியாவின் 476 முதலில் வர வேண்டும், 132 மைல். அதில் பல முறை போயிருக்கிறேன், வடக்கே போகப் போக மலையும் மரமும்தான். கூட்டம் அளவுகோல் என்றால் 405-க்கு எதிராக நிற்க முடியாது. செபுல்வேடா கணவாய்ப் பக்கம் நாளுக்கு மூன்று லட்சம் வாகனம் போகும் சாலை அது. வண்டியோடு அங்கே மாட்டிக்கொண்டு ஒரு முழு மாலையை இழந்திருக்கிறேன். அதன் பெருமையை நான் குறைக்கவில்லை, லாஸ் ஏஞ்சலிஸ் நண்பர்கள் கோபப்பட வேண்டாம். ஆனால் கூட்டம் என்பது எத்தனை பேர் அந்த வழியை விரும்புகிறார்கள் என்பதற்குக் கணக்கு. அந்த வழி இல்லாவிட்டால் வேறு போக்கே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. அதை யாரும் எண்ணுவதில்லை.

வாஷிங்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 95 நகரத்துக்கு நடுவே நேராகப் போவதாகத்தான் முதலில் திட்டம். மக்கள் எதிர்த்தார்கள், 1977-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதனால் 1964-இல் முழுமையடைந்த 495 சுற்றுச்சாலையின் கிழக்குப் பாதியே 95 ஆகிவிட்டது. தாயின் வேலையைப் பிள்ளை செய்கிறது. அட்லாண்டாவில் ஊருக்குள் இறக்க வேண்டிய சரக்கு இல்லாத பெரிய லாரிகள் 285-ஐச் சுற்றித்தான் போக வேண்டும், அது சட்டம். 2017 மார்ச் இறுதியில் அங்கே 85-இன் பாலம் ஒன்று தீயில் இடிந்து விழுந்தபோது, ஆறு வாரம் ஊரைத் தாங்கியதில் 285-க்குப் பெரிய பங்கு உண்டு. கார் ஓட்டுபவருக்கு இதெல்லாம் செய்தி. எங்களுக்கு அன்றாடம்.

இப்போது பால்டிமோர். 695 என்பது 51 மைல் வட்டம். நகரத்தின் தென்கிழக்கில் படாப்ஸ்கோ ஆறு விரிந்து துறைமுகமாகிறது. அதைக் கடக்க மூன்று வழிகள் இருந்தன. 1957-இல் திறந்த சுரங்கம், அது 895. 1985-இல் திறந்த ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கம், அது 95. இரண்டுக்கும் கிழக்கே, ஆறு அகலமாகும் இடத்தில், 695-ஐத் தூக்கிக்கொண்டு போன ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம், 1977-இல் திறந்தது. இரண்டு சுரங்கங்களிலும் ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டிக்கு அனுமதி இல்லை. பெட்ரோல், புரோபேன் எதுவும் கூடாது. இறக்கிவிட்டுக் காலியாக வருகிறோமே என்றாலும் விட மாட்டார்கள், காலி டேங்கருக்குள்தான் ஆவி நிறைந்திருக்கும். ஆக, என்னைப் போன்றவர்களுக்கு மூன்று வழியும் சேர்த்து ஒரே வழி, அந்தப் பாலம்.

அந்த இடத்தில் முதலில் இன்னொரு சுரங்கம் தோண்டத்தான் திட்டமிட்டிருந்தார்கள். ஒப்பந்தப்புள்ளியில் வந்த விலை கட்டுப்படியாகாமல் பாலத்துக்கு மாறினார்கள். சுரங்கமாகவே கட்டியிருந்தால் 47 ஆண்டுகளாக ஒரு டேங்கர்கூட அந்த வழியே போயிருக்காது.

அந்தப் பாலத்தில் போனது நாளுக்கு 30,000 வண்டிக்குச் சற்று அதிகம். 405-இன் பத்தில் ஒரு பங்கு. "கூட்டமே இருக்காது" என்று நண்பர் எழுதியது உண்மைதான். ஆனால் யார் அந்த 30,000?

பாலத்தில் ஏறும் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான்கே தடம். 8,500 கேலன் ஏற்றியிருக்கும்போது ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் பிரேக் மிதித்தால் உள்ளே இருக்கும் பெட்ரோல் முன்னும் பின்னும் அலைந்து வண்டியை முதுகில் தள்ளும். உச்சியில் பக்கக் காற்று வந்து அறையும். கீழே தண்ணீருக்கு நடுவில் ஃபோர்ட் கரோல் என்ற பாழடைந்த கோட்டை, ஆறு பக்கம் கொண்ட கல் தீவு, முழுக்க முழுக்கப் பறவைகள். விடியும் நேரத்தில் அந்தக் கோட்டைமேல் வெளிச்சம் விழுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இரவில் சில நாள் ஒரு தடத்தை அடைத்துக் குழி அடைத்துக்கொண்டிருப்பார்கள். அம்புக்குறி விளக்கு மின்னும் வண்டியும், ஆரஞ்சுக் கூம்புகளும் வெகு தூரத்திலிருந்தே தெரியும். நான் வேகத்தைக் குறைத்துப் போகும்போது ஒருவர் கையிலிருக்கும் மண்வெட்டியை லேசாக உயர்த்திக் காட்டுவார். நானும் கையை உயர்த்துவேன். அவ்வளவுதான் பழக்கம். பெயர் தெரியாது.

2024 மார்ச் 26, செவ்வாய்க்கிழமை. என் வீடு டண்டாக்கில், பாலத்துக்குக் கிழக்கே. வண்டி நிற்கும் இடமும் பெட்ரோல் ஏற்றும் டெர்மினலும் மேற்கே கர்ட்டிஸ் பே பக்கம். அதிகாலை மூன்று மணிக்கு வேலை தொடங்கும், இரண்டரை மணி வாக்கில் காரில் பாலத்தைக் கடப்பது வழக்கம். இரண்டு மணிக்கு ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். இரவுப் பணியில் இருந்த அக்கா அழைத்தார்.

"தம்பி, கிளம்பிவிட்டாயா?"

"இல்லை அக்கா, கிளம்பிக்கொண்டிருக்கிறேன்."

"வீட்டிலேயே இரு. பாலம் போய்விட்டது."

எனக்கு அது விளங்கவே இல்லை. மூடிவிட்டார்கள் என்று சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். "எத்தனை மணிக்குத் திறப்பார்களாம்?" என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டார்.

ஒன்றரை மணி வாக்கிலேயே டாலி என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் போய்த் தூணில் மோதியிருக்கிறது. கப்பலிலிருந்து அபாயச் செய்தி வந்ததும் காவலர்கள் இரு பக்கமும் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மேலே குழி அடைத்துக்கொண்டிருந்தவர்களை அழைத்து வர நேரம் போதவில்லை. எட்டுப் பேரில் ஆறு பேர் போய்விட்டார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மண்வெட்டியை உயர்த்திக் காட்டியவர் அவர்களில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் துணியவில்லை.

அன்று காலை காரில் சுரங்கம் வழியாக வேலைக்குப் போனேன். டிஸ்பாட்சர் தந்த முதல் லோடே டண்டாக்கில் இருக்கும் ஒரு பெட்ரோல் பங்குக்கு. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். பாலம் வழியே போனால் பத்து மைல். இப்போது மேற்கே திரும்பி, கேட்டன்ஸ்வில், பைக்ஸ்வில், டவ்சன் என்று ஊரையே வலம் வந்து, கிழக்கே இறங்க வேண்டும். கிட்டத்தட்ட 40 மைல். காலை நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். பக்கத்தில் பெட்ரோலைக் குறிக்கும் 1203 என்ற எண் எழுதிய சிவப்புப் பலகையோடு, பள்ளி பஸ்களுக்கும் அலுவலகம் போகும் கார்களுக்கும் நடுவே 8,500 கேலன் பெட்ரோல். ஆபத்தான சரக்கு மக்கள் நெருக்கத்திலிருந்து விலகித் தண்ணீர் மேலே போனது அந்த வழியால்தானே? அது போனதும் வடக்குப் புறநகர் முழுவதும் எங்கள் பாதை ஆகிவிட்டது. பயன் இல்லை என்று எழுதிய நண்பர் டவ்சன் பக்கம் குடியிருப்பவர் என்றால், அந்தப் பயனை இத்தனை ஆண்டும் அவர்தான் அனுபவித்திருக்கிறார்.

பங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாக் குழாயிலும், பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக, மஞ்சள் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது. கடைக்காரர் வயதானவர். குழாயை மூடிப் பை மாட்டும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், கடையை மூடுவதுபோல இருக்கும். நான் ஹோஸை இணைக்கும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு, ஒவ்வொரு பையாகக் கழற்றி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். முன்பு ஒரு ஷிஃப்டில் நான்கு லோடு இறக்குவேன். அதன் பிறகு கிழக்குப் பக்கம் என்றால் இரண்டு, நல்ல நாளில் மூன்று. பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சட்டம் விடாது, விடவும் கூடாது. குறைந்தது என் கூலி மட்டுமல்ல, அந்தப் பக்கத்து பங்குகளின் இருப்பும்தான்.

இதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். கப்பலில் இருந்த 21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். கொழும்புக்குப் போக வேண்டிய கப்பல் அது. அந்த வாரம் பெட்ரோல் ஏற்றும் இடத்தில் ஒரு ஓட்டுநர் என்னிடம், "உங்கள் ஆட்கள்தானே" என்றார். அவருக்காவது விவரம் தெரியாது. நம்மவர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த மாலுமிகளைக் கேலி செய்து படம் போட்டார்கள், படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள். ஆறு பேர் இறந்த வாரத்தில்! அபாயச் செய்தி வராமல் இருந்திருந்தால் பாலத்தின் மேல் இன்னும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தப் பையன்கள் வாரக்கணக்கில் கப்பலை விட்டு இறங்க முடியாமல், கைப்பேசியையும் விசாரணைக்குக் கொடுத்துவிட்டு, இடிந்த இரும்புக்கு அடியிலேயே இருந்தார்கள். மின்சாரம் போனதற்குக் காரணம் சரியாகப் பொருந்தாத ஒரு கம்பி என்று விசாரணையில் பின்னர் வெளிவந்தது. கேலி செய்தவர்கள் யாரும் குழுவில் வந்து வருத்தம் சொல்லவில்லை. நான் வெளியேறிவிட்டேன்.

சாலைக்கு வருகிறேன். விவரம் அறிந்த சிலர், "பாலம் இருந்த பகுதி ஆவணப்படி இன்டர்ஸ்டேட்டே அல்ல, மேரிலாந்து மாநிலச் சாலை 695" என்று சொல்லக்கூடும். சரிதான். ஆனால் வழிநெடுகப் பலகையில் இன்டர்ஸ்டேட் கேடயச் சின்னம்தான் இருந்தது, எந்த ஓட்டுநரும் அதை வேறு பெயரில் அழைத்ததில்லை. ஆவணத்தில் இன்டர்ஸ்டேட் அல்லாத அந்தச் சில மைல்கள் இல்லாமல் போனதும், ஆவணத்தில் இன்டர்ஸ்டேட் ஆன மிச்ச வட்டம் முழுக்க நெரிந்து போனது.

ஆகவே, ஒப்பிட வேண்டும் என்றால் உங்கள் பட்டியலில் வாகன எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி சேருங்கள். அந்தச் சாலை ஒரு நாள் இல்லாவிட்டால் அதற்கு மாற்று எத்தனை மைல் என்பது ஒன்று. அந்த மாற்று வழியில் போக அனுமதியே இல்லாத வண்டிகள் எவை என்பது மற்றொன்று. அப்படிப் போட்டால் 405 கீழே இறங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை, அது மேலேயே இருக்கட்டும். 695-இன் கிழக்குப் பாதி பட்டியலுக்குள் வந்துவிடும்.

கப்பல் பாதையை அந்த ஜூன் மாதமே முழுமையாகத் திறந்துவிட்டார்கள். புதுப் பாலத்துக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது. டண்டாக் பக்கம் லோடு விழும் நாட்களில் நான் இன்னும் டவ்சன் வழியாகத்தான் போகிறேன்.