மஞ்சளில் உள்ள குர்குமின் கல்லீரல் புற்றுநோயைக் குணப்படுத்துமா?

குர்குமின் கல்லீரல் புற்றுச் செல்களைக் கொல்கிறதாமே, அப்பாவுக்கு மாத்திரையாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் கொல்கிறது என்பது உண்மைதான். ஹெப்-ஜி2 எனப்படும் கல்லீரல் புற்றுச் செல்களைத் தட்டில் வளர்த்துக் குர்குமினைச் சேர்த்தால் அவற்றின் பெருக்கம் தளர்கிறது. செல்லைச் சாகவிடாமல் காக்கும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் அடங்குகிறது. காஸ்பேஸ் நொதிகள் முடுக்கிவிடப்பட்டு, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

ஆனால் அதற்குப் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (திரவத்தில் ஒரு பொருளின் செறிவைக் குறிக்கும் அலகு) வரை குர்குமின் தேவைப்படுகிறது. தைவானில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், தினமும் 8 கிராம் விழுங்கியவர்களின் ரத்தத்தில்கூடச் சராசரி உச்ச அளவு 1.8 மைக்ரோமோலார்தான். குடலும் கல்லீரலும் குர்குமினை உடனுக்குடன் உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. தட்டில் இருக்கும் செல்லுக்கு அந்தப் பாதுகாப்பு ஏது?

இதைச் சமாளிக்கவே மாத்திரைகளில் மிளகின் காரப்பொருளான பைபரினைச் சேர்க்கிறார்கள். அது உறிஞ்சுதலைப் பல மடங்கு கூட்டுகிறது. என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். பைபரின் மற்ற மருந்துகள் உடலில் சிதைவதையும் தடுக்கக்கூடும். இத்தகைய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரலே அழற்சியுற்ற நோயாளிகள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள்.

குழம்பில் போடும் மஞ்சள் தூளுக்கு இந்தப் பயம் வேண்டாம். அதில் குர்குமின் சுமார் 3 சதவீதமே. ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தால், அந்தப் புட்டியோடு மருத்துவரிடம் போங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ அன்றே போங்கள்.