டெலிபோன் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: 2002 முதல் நியூஜெர்சியில் வசிக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது, குடியுரிமை வாங்கவில்லை. அந்த நாட்களில் மதுரையில் இருக்கும் அம்மாவோடு வாரம் தவறாமல் போனில் பேசுவேன். கோர்ட் உத்தரவு இல்லாமலே டெலிபோன் கம்பெனிகள் அரசாங்கம் ஒட்டுக்கேட்க வழிவிட்டன என்று இப்போதுதான் விவரமாகப் படித்தேன். என் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியுமா?

பதில்: அந்தக் காலத்து அழைப்புகளுக்காக இப்போது வழக்குப் போட்டால் நிற்காது. இதற்காக வக்கீல் ஃபீஸ் கட்டிவிடாதீர்கள். ஆனால் அந்த உரிமை உங்களுக்கு இருந்தது. பிறகு சட்டம் போட்டுப் பறித்தார்கள்.

அமெரிக்க மண்ணில் உளவுக்காக ஒட்டுக்கேட்கத் தனி நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும் என்று 1978-இல் சட்டம் வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அதிபர் புஷ் அதைத் தாண்டி, வெளிநாட்டு அழைப்புகளைக் கேட்க அனுமதி கொடுத்தார். 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. அடுத்த மாதமே ஏடி அண்ட் டி என்ற பெரிய டெலிபோன் கம்பெனி மீது சான்பிரான்சிஸ்கோவில் வழக்கு. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மார்க் கிளைன் என்ற டெக்னீஷியன், ஃபோல்சம் தெருக் கட்டடத்தில் இருந்த 641ஏ என்ற, ஒட்டுக்கேட்புக்கான ரகசிய அறையைப் பற்றி ஆவணங்களோடு சாட்சி சொன்னார். வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி வான் வாக்கர் 2006 ஜூலையில் மறுத்தார். ஒட்டுக்கேட்புச் சட்டம் ஆளுக்கு 10,000 டாலர் அளவில் நஷ்டஈடு கேட்க இடம் தந்திருந்தது. கம்பெனிகள் பயந்தது அதற்குத்தான்.

2007-இல் காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது. உதவிய கம்பெனிகள் மீது பழைய தேதியிலிருந்தே வழக்கு செல்லாது என்றது அது. கனெக்டிகட் செனட்டர் கிறிஸ் டாட் எதிர்த்து நின்றார். அப்போது அவர் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்தார். அயோவா தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, பிரசாரத்தை விட்டுவிட்டு 2007 டிசம்பர் 17 அன்று செனட்டுக்கு வந்து மணிக்கணக்கில் பேசினார். மசோதாவைக் கொண்டுவந்த ஹாரி ரீட், செனட்டில் டாட்டின் சொந்தக் கட்சித் தலைவர்தான். அன்று இரவே ரீட் அதைத் தள்ளிவைத்தார். கோர்ட் உத்தரவோ, அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் எழுத்துபூர்வமான சான்றோ கையில் இருந்த கம்பெனிக்குப் பழைய சட்டமே பாதுகாப்பு கொடுத்தது. அப்படியிருக்கப் புதுப் பாதுகாப்பு யாருக்காக? எதிர்ப்பாளர்களின் இந்த வாதத்துக்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை.

டாட்டும் இன்னொரு செனட்டர் ரஸ் ஃபைன்கோல்டும் கம்பெனிகளுக்கான அந்தப் பாதுகாப்பை நீக்கக் கொண்டுவந்த திருத்தம் 2008 பிப்ரவரியில் 31-67 என்று தோற்றது. ஜூலை 9-இல் மறுபடியும் 32-66. அப்போது செனட்டராக இருந்து திருத்தத்துக்கு ஓட்டுப் போட்ட ஒபாமா, அது தோற்றதும் மசோதாவுக்கும் ஆதரவாக ஓட்டுப் போட்டார். முன்பு எதிர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர். எனக்கு அது இன்னும் வருத்தம்தான். மறுநாள் புஷ் கையெழுத்திட்டார்.

அதன்படி அட்டர்னி ஜெனரல் சான்று கொடுத்தால் போதும், வழக்கு தள்ளுபடி. கம்பெனி உதவியதா, உதவவே இல்லையா என்பதைக்கூட வழக்குப் போட்டவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் அதே வாக்கர் வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். உச்ச நீதிமன்றமும் 2012-இல் விசாரிக்க மறுத்துவிட்டது. இதற்கு மேல், வழக்குப் போட இரண்டு வருடக் காலவரம்பு வேறு.

சரி, இன்றைய நிலை? அந்த 2008 சட்டம் கொண்டுவந்த 702-ஆம் பிரிவின்படி வெளிநாட்டில் உள்ள வெளிநாட்டவரை வாரண்ட் இல்லாமல் கண்காணிக்கலாம். கிரீன் கார்டு உள்ள உங்களைக் குறிவைக்க முடியாது. ஆனால் எதிர்முனையில் இருப்பவரைக் குறிவைத்தால் உங்கள் பேச்சும் சேர்ந்தே பதிவாகும். உத்தரவுப்படி ஒத்துழைக்கும் கம்பெனி மீது இதற்கும் வழக்குப் போட முடியாது. உங்கள் விவரங்களைத் தனியாருக்கு விற்றிருந்தால் அது வேறு விஷயம். அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு வக்கீலிடம் போங்கள்.

அப்புறம், உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ஓட்டுரிமை இல்லையே என்று தயங்க வேண்டாம், மனுச் செய்யும் உரிமை உங்களுக்கும் உண்டு. 702-ஐக் காலக்கெடு வைத்துத்தான் நீட்டிக்கிறார்கள். நீட்டிப்பு வரும்போதெல்லாம் அமெரிக்காவில் வசிப்பவர்களின் பேச்சைத் தேடிப் பார்க்க வாரண்ட் கட்டாயம் என்பதை ஆதரிப்பாரா என்று கேளுங்கள். 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் அந்தத் திருத்தம் 212-212 என்று சமமாகி, ஒரே ஓட்டுக் குறைவால் தோற்றது.