கம்பி அறுந்தால் சொல்லுங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரெண்டு கழுத்து கிட்டாரைப் பற்றியவை. காரணம் எனக்குத் தெரியும். போன மாதம் பாம்பன் பக்கம் நடந்த திருவிழாக் கச்சேரியில் வெளியூர்க்காரர் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். பாட்டைக் கேட்டவர்களைவிட கிட்டாரைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

இருப்பதே ரெண்டு கை. அதற்கு எதற்கு ரெண்டு கழுத்து? சும்மா படம் காட்டவா?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

படம் காட்டவும்தான், மறைப்பானேன்! ஆனால் அது பிறந்ததற்குக் காரணம் அவசரம். ஒரே பாட்டில் ரெண்டு வேறு சத்தம் வேண்டும், நடுவில் கிட்டாரை மாற்ற நேரம் இல்லை. இதுதான் சிக்கல்.

'லெட் செப்பலின்' என்ற ராக் குழுவின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் வந்த 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை ஸ்டுடியோவில் பல கிட்டார்களை வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். மேடையில் அது நடக்குமா? ஒரு இடத்தில் 12 கம்பியின் கலகலப்பு வேண்டும், கடைசியில் 6 கம்பியில் தனி வாசிப்பு வேண்டும். அதனால்தான் அவர் கிப்சன் கம்பெனியின் ஈடிஎஸ்-1275ஐ எடுத்தார். மேல் கழுத்தில் 12 கம்பி, கீழ்க் கழுத்தில் 6. ஒரு ஸ்விட்ச்சைத் தட்டினால் மேல், கீழ், ரெண்டும் சேர்ந்து என்று மூன்று நிலை. ஈகிள்ஸ் குழுவின் டான் ஃபெல்டர் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வை மேடையில் வாசித்ததும் இதே மாடலில்தான், அவருடையது வெள்ளை நிறம்.

இவர்களுக்கு முன்னாலேயே ஆட்கள் இருந்தார்கள். 1950களில் ஜோ மேஃபிஸ் என்ற கிட்டார்காரருக்கு, கிட்டார் செய்யும் செமி மோஸ்லி ஒன்று செய்து கொடுத்தார். அதில் ரெண்டாவது கழுத்து குட்டையானது, ஒரு ஸ்தாயி மேலே பேசும். கிப்சனின் ஈடிஎஸ் 1958இல் உள்ளே குடைந்த உடலோடு வந்தது. இப்போது நாம் படங்களில் பார்க்கும், ரெண்டு கொம்பு வைத்த கெட்டி உடல் 1960களில்தான் வந்தது.

12 கம்பி என்றால் 6 ஜோடி. தடித்த நான்கு ஜோடிகளிலும் ஒரு கம்பி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேல். மெல்லிய ரெண்டு ஜோடிகளுக்கும் ஒரே சுருதி. எவ்வளவு சேர்த்தாலும் ரெண்டு கம்பிகளின் சுருதியிலும் மயிரிழை வித்தியாசம் எப்போதும் இருக்கும், அந்த மினுமினுப்பே அதிலிருந்துதான் வருகிறது.

ஒரு கழுத்தை வாசிக்கும்போது சும்மா இருக்கிற கழுத்து முனகாதா?
– கிட்டார் பழகும் மாணவர், மண்டபம்

முனகும். நல்ல கேள்வி. வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளக் கம்பிகள் இருக்கிறதல்லவா? மேலே வாசிக்கும்போது அதுவும் லேசாகக் கூட அதிரும். சிதாரில் இதற்கென்றே தனிக் கம்பிகள் கட்டுகிறார்கள். ரெண்டு கழுத்து கிட்டாரிலும் அதே கதைதான், ஸ்விட்ச்சை நடு நிலையில் வைத்தால் சும்மா கிடக்கும் கம்பிகளின் ரீங்காரம் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) வழியாகவும் வந்துவிடும். சிலர் வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். வேண்டாதபோது வந்தால்தான் தொல்லை.

ஒரு தடவை மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் என் ரிப்பேர் மேசைக்கு இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணே, ஆம்ப் பக்கம் போனாலே ஊளையிடுது." திறந்து பார்த்தேன். ஸ்விட்ச்சுக்குள் ஒரு தகடு வளைந்து, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் பச்சைக் களிம்பு வேறு, எல்லாம் நம்ம ஊர் உப்புக்காற்றின் உபயம். எந்தக் கழுத்தைத் தேர்ந்தாலும் ரெண்டுமே உயிரோடு இருந்திருக்கின்றன! தகட்டை நிமிர்த்தி, களிம்பைச் சுரண்டி, மூடினேன். அவசரத்துக்கு என்றால் சும்மா இருக்கும் கழுத்தின் மேல்முனையில், கம்பிகளுக்கு அடியில் கைக்குட்டையை மடித்துச் செருகிவிடுங்கள். அன்றைய கச்சேரிக்குப் போதும்.

மூன்று கழுத்து, ஐந்து கழுத்து கிட்டார்கூட உண்டாமே?
– ஒரு வாசகர், தொண்டி

உண்டு. சீப் ட்ரிக் குழுவின் ரிக் நீல்சன் ஐந்து கழுத்து வைத்திருக்கிறார். அதற்கு மேல் போனால் அது கிட்டார் இல்லை, கட்டில்.

என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு இதுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், கீழக்கரை

அம்மா, முதலில் அவனை அரை மணி நேரம் ஆறு கிலோ பாரை மீனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் மூன்று நான்கு கிலோ, இது ஆறு கிலோ பக்கம் வரும். வார் அகலமாக இல்லாவிட்டால் தோளில் பள்ளம் விழும். மேல் கழுத்து நெஞ்சுக்கு மேலே ஏறி நிற்பதால் இடது மணிக்கட்டும் சீக்கிரம் வலிக்கும்.

அப்புறம் செலவு. 18 கம்பிகள். கடல் ஓரத்தில் ஒரு செட்டே துருப்பிடிக்க அவசரப்படும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்க வேண்டும். கச்சேரிக்கு முன்னால் 18 கம்பிகளுக்கும் சுருதி சேர்க்க வேண்டும். முதலில் ஒரு 6 கம்பி எலக்ட்ரிக் வாங்கிக் கொடுங்கள். ரெண்டு வருஷம் கழித்து 12 கம்பி வாசிக்க ஒரு பாட்டு கையில் இருந்தால், அப்போது பேசலாம். அவனுக்கு அது போஸ்டருக்குத்தான் வேண்டும் என்றால், தம்பி, போஸ்டரே வாங்கிக்கொள்.

நான் வல்லம் கட்டும் தச்சன். வாகை மரத்தில் இப்படி ஒன்று செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகர், மூக்கையூர்

இந்தக் கடிதத்தைத்தான் ரெண்டு தடவை படித்தேன். உடலைச் செய்யலாம், உங்கள் கைக்கு அது பெரிய வேலை இல்லை. கழுத்தில்தான் சிக்கல். வல்லத்துக்கு வளைந்த மரமாகப் பார்த்து எடுப்பீர்கள். கிட்டார் கழுத்துக்கு ரேகை நேராக ஓடும், நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். ஈரம் இருந்தால் கம்பி இழுக்கிற இழுப்பில் வில்லாகிவிடும். அதைத் தாங்கத்தான் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள், முறுக்கினால் கழுத்து நிமிரும். ரெண்டு கழுத்துக்கும் தனித்தனியாக ஒன்று வேண்டும். 12 கம்பிக் கழுத்தில் இழுவை அதிகம், அதனால் ரெண்டையும் ஒரே மாதிரி முறுக்கக் கூடாது.

கழுத்தை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். உடலுக்கு உங்கள் வாகையில் ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். எடை போட்டுப் பார்த்துவிட்டு எவ்வளவு குடையலாம் என்று முடிவு செய்வோம். ஞாயிறு மட்டும் கடை லீவு.