கிளுவை வேலியை எடுத்தால்தான் வீடு கட்ட முடியுமா?

கேள்வி: காங்கேயம் அருகே எங்களுக்கு ஆறு ஏக்கர் கொரங்காடு (உயிர்வேலி சூழ, வெள்வேல மரங்கள் நிற்கும் மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. அதில் ஒரு மூலையில் வீடும் கிடங்கும் கட்டவிருக்கிறோம். இட்டேரிப் (வேலிகளுக்கு இடையிலான வண்டித்தடம்) பக்கத்துக் கிளுவை வேலி காய்ந்துவிட்டதால் அதை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடலாம் என்றும், மரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் பொறியாளர் சொல்கிறார். மரம், வேலிகளை அகற்றத் தனி அனுமதி வேண்டுமா?
- ஒரு வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: கட்டட அனுமதி எப்படியும் வாங்க வேண்டும். ஆனால் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதி என அறிவிக்கப்பட்ட ஊர்களுக்கே உரியது என்பதால், உங்கள் வெள்வேல மரங்களுக்கும் உயிர்வேலிக்கும் அது காவலாகாது. இங்கிலாந்தில் நாட்டுப்புறத்துப் பழைய உயிர்வேலியை அகற்றுவதற்கு 1997 முதல் உள்ளாட்சி அமைப்புக்கு முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். நம் சமவெளியில் அதைப் போன்ற ஏற்பாடு இல்லாதது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். ஆகவே எது நிற்கும், எது போகும் என்பதை உங்கள் வரைபடம்தான் முடிவு செய்யப்போகிறது. இட்டேரி புறம்போக்காக இருக்கக்கூடும் என்பதால், வேலி யாருடையது என்பதை நில அளவையரைக் கொண்டு முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலி காய்ந்துவிட்டது என்பதை நம்ப வேண்டாம். கிளுவை கோடையில் இலையுதிர்த்து வெறும் முள்ளாக நிற்கும். ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும். மழை விழுந்ததும் தழைத்துவிடும். பிரண்டையும் கோவையும் படர, கவுதாரியும் கீரியும் அண்டி வாழும் அந்த வேலிக்குக் கம்பி ஈடாகாது.

மரங்களைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் இதைவிட ஆபத்தானது. வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, கிளை விரிவையும் தாண்டிப் பரவியிருப்பதால், லாரி ஏறி மண் இறுகினாலோ அடிமரத்தைச் சுற்றி ஜல்லி குவித்தாலோ மரம் உடனே வாடாமல் ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போகும். அப்போது யாரும் கட்டட வேலையைக் குறை சொல்வதில்லை! ஏறத்தாழ நெஞ்சுயரத்தில் அடிமரத்தின் குறுக்களவை எடுத்து, அதைப்போல் 12 மடங்கு தொலைவைச் சுற்றிலும் விட்டுவிடுவது பிரிட்டன் கட்டுமானத் தர நெறியில் உள்ள கணக்கு. ஓரடி பருமனுள்ள மரத்துக்கு அது 12 அடி. ஜேசிபி வருவதற்கு முன்பே அந்த வட்டத்தில் கழி நட்டுக் கயிறு கட்டுங்கள். மரங்களைக் குறித்த வரைபடத்தைக் கொடுத்த பிறகே வீட்டின் இடத்தைப் பொறியாளர் முடிவு செய்யட்டும்.

வாகன வழிக்குப் புதிதாக வேலியை உடைக்காமல் வேலியில் இப்போதுள்ள கடவையையே (நுழைவழியையே) அகலப்படுத்துங்கள். அங்கே வெட்டும் கிளுவையை எறிந்துவிட வேண்டாம். மழைக்கு முன் போத்தாக (கிளைத் துண்டாக) ஊன்றினால் வேர் பிடிக்கும் என்பதால், வேலியில் இடைவெளி விழுந்த இடங்களுக்கு அதுவே போதும். தளிர்விடும் வரை ஆடு கடிக்காமல் முள் வைத்து மறையுங்கள்.