எண்ணெய்க் கிணறுகளில் எரிவாயுவை ஏன் கொளுத்திவிடுகிறார்கள்? அதனால் கேடு உண்டா?

நிலத்தடி அழுத்தத்தில் கச்சா எண்ணெயில் கரைந்திருக்கும் வாயு, மேலே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பிரிந்துவிடும். கொண்டுபோகக் குழாய் இல்லையென்றால் உயரமான புகைபோக்கி முனையில் கொளுத்திவிடுகிறார்கள். அப்படியே காற்றில் விடுவதைவிட இது மேல்தான்: இந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன்; 20 ஆண்டுக் கணக்கில் அது, கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

ஆனால் எரியாமல் தப்பும் மிச்சம்தான் பெரிய தலைவலி. 100 கிலோ மீத்தேனில் 98 கிலோ எரிந்தால் சுமார் 270 கிலோ கரியமில வாயு வரும். தப்பும் 2 கிலோ, இன்னொரு 160 கிலோவுக்குச் சமம். பலத்த காற்றில் சுடர் சாய்ந்து 90 கிலோதான் எரிந்ததென்றால், தப்பும் 10 கிலோ 800 கிலோவுக்குச் சமமாகிவிடும். சுடர் அணைந்துபோனால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பற்றவைக்கும் சிறு சுடர் அருகே வெப்ப உணரி கட்டாயம் வேண்டும்.

கரும்புகை வந்தால் சுடருக்குக் காற்று போதவில்லை. முனையில் நீராவி செலுத்தினால் குறையும். அளவு மீறினால் சுடர் குளிர்ந்து மீத்தேன் தப்பும். வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் அது கந்தக டைஆக்சைடாக மாறி, பக்கத்தில் குடியிருப்பவர்களின் மூச்சுக்குழாயைத் தாக்கும். செலவுக் கணக்கில் அவர்களைச் சேர்க்காமல் விடுவது அநியாயம்.

மாற்று வழி இருக்கிறது: அங்கேயே மின்சாரம் எடுக்கலாம், அல்லது கம்ப்ரசர் வைத்து வாயுவை மறுபடி நிலத்துக்குள் செலுத்தலாம். கிணறு தோண்டும் முன்பே இதற்குத் திட்டமிட்டால் எளிதாக நடக்கும்.